பெரட்டுக்கு வராத இணைப்புகள்

தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் எண்ணும் அணியில், மண்டோர் என்ற மேற்பார்வையாளர் பேரைக் கூப்பிடுவார், நிற்கிற ஆளைக் கண்ணால் பார்ப்பார், அப்புறம்தான் எண் எழுதுவார். நேற்றைய செக்ரோல் என்ற ஆள்கணக்குப் புத்தகத்தைப் பார்த்து இன்றைய ஆளை எண்ணுகிற மண்டோர் எந்தத் தோட்டத்திலும் நிலைக்கமாட்டார். டேட்டாபேஸ் சர்வர் விஷயத்தில் மட்டும் இந்தத் தவறைப் பல ஆப்பீஸ்கள் செய்கின்றன. அமைப்புக் கோப்பில் 'எஸ்எஸ்எல் ஆன்' என்ற வரியைக் காட்டி, எல்லா இணைப்பும் மறையாக்கத்தோடுதான், அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மூடித்தான், போகிறது என்கிறார்கள். அந்த வரிக்கு அவ்வளவு பொருள் கிடையாது. யாராவது மறையாக்கம் கேட்டால் தருவேன் என்பதுதான் அதன் பொருள். கேட்காமல் பச்சையாக, அதாவது மூடாமல், வருகிறவனையும் சர்வர் உள்ளே விட்டுவிடும்.

மலேசியாவின் பேராக்கில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரை வைத்துக்கொண்டு பேசுவோம். டவுன் ஆப்பீஸில் ஒரு லினக்ஸ் பெட்டி, அதில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் 5432ஆம் போர்ட்டில் (இணைப்பு வாசலில்) ஓடுகிறது. மூன்று டிவிஷன் ஆப்பீஸ்களிலிருந்து கிராணிகள் (எழுத்தர்கள்) ஆள்கணக்கு ஏற்றுகிறார்கள். செம்பனை ஆலை வாசலில் இருக்கும் தராசுக் கணினி ஒவ்வொரு லாரிக்கும் ஒரு வரி எழுதுகிறது. டவுன் பெட்டி படுத்துவிட்டால் கைகொடுக்க ஈப்போவில் ஒரு நகல் சர்வர். இந்தக் கம்பிகளில் போவதெல்லாம் மைகாட் (அடையாள அட்டை) எண், வங்கிக் கணக்கு எண், இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) எண்கள், வெளிநாட்டுத் தொழிலாளியின் பாஸ்போர்ட் எண், மாதச் சம்பளம். டிவிஷனுக்கும் டவுனுக்கும் நடுவில் 4ஜி ரௌட்டர், கூரைமேல் வைஃபை பாலம், எப்போதோ யாரோ மாட்டிய ஸ்விட்ச் என்று பல கைகள். பச்சையாகப் போகும் தரவை இவற்றில் எந்த இடத்தில் நின்றும் படிக்கலாம். லயத்து வீட்டுப் பிள்ளைகளின் அப்பா அம்மா எண்கள் இவை. அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதத் தோன்றுகிறது.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறது. கணினியில் தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டவேண்டும். அடிக்கோடு இருக்கும் இடத்தில் அடிக்கோடு.

முதலில் குறை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். போஸ்ட்கிரெஸுக்கு வரும் இணைப்பு எப்படி இருக்கவேண்டும் என்று கேட்பது கிளையன்ட், அதாவது சர்வரைக் கூப்பிடும் கணினியின் பக்கம். அதற்கு 'எஸ்எஸ்எல்மோட்' என்று ஓர் அமைப்பு. டிசேபிள், அலவ், பிரிஃபர், ரிக்கொயர், வெரிஃபை-சிஏ, வெரிஃபை-ஃபுல் என, மறையாக்கமே வேண்டாம் என்பதிலிருந்து முழுச் சரிபார்ப்பு வரை ஆறு நிலை. போஸ்ட்கிரெஸின் சொந்த நூலகத்தில், ஒன்றும் சொல்லாவிட்டால் 'பிரிஃபர்'. சர்வர் மறையாக்கம் தந்தால் எடுத்துக்கொள்வேன், தராவிட்டால் பச்சையாகவே பேசுவேன் என்பது அதன் குணம். பச்சைக்கு இறங்கும்போது ஒரு எச்சரிக்கைகூட வராது. கிராணியின் திரையில் எல்லாம் வழக்கம்போல ஓடும். அதனால் இதைக் கிராணியின் திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சர்வருக்குள் நின்றுதான் எண்ணவேண்டும்.

எண்ணுவதற்கு இடம் 'பிஜி_ஸ்டாட்_எஸ்எஸ்எல்' என்ற பார்வை, அதாவது சர்வர் தானே தரும் பட்டியல். 9.5ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு வரி: செயல் எண், மறையாக்கம் உண்டா இல்லையா, எந்த டிஎல்எஸ் (எஸ்எஸ்எல்லின் இன்றைய வடிவம்) பதிப்பு, எந்த சைஃபர் (மூடும் முறை), எத்தனை பிட். இதைச் செயல் எண்ணை வைத்து 'பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி'யோடு சேர்த்தால் யார், எந்த முகவரியிலிருந்து, எந்த நிரலில் வந்தார் என்பதும் பக்கத்தில் வந்துவிடும். மறையாக்கம் இல்லாத வரிகளை முகவரிவாரியாக எண்ணி, நிமிடத்துக்கு ஒருமுறை கண்காணிப்புக் கருவிக்கு அனுப்பினால் அடிப்படை வேலை முடிந்தது. ஆனால் இதில் மூன்று குழி இருக்கிறது. மூன்றும் 'எல்லாம் சரி' என்று பொய் சொல்ல வைக்கிற குழிகள்.

ஒன்று, உரிமை. கண்காணிப்புக்கென்று சாதாரணப் பயனர் ஒன்றை உருவாக்கி இந்தக் கேள்வியைக் கேட்டால், மற்றவர்களின் வரிகளில் மறையாக்க விவரம் வெறுமையாக வரும், அல்லது பதிப்பைப் பொறுத்து அந்த வரியே வராமல் போகும். 'இல்லை' என்று மட்டும் வராது. 'இல்லை' என்ற வரிகளை மட்டும் எண்ணும் கேள்வி அப்போது சுழியத்தைத் தரும். பலகையில் பச்சை விளக்கு எரியும், சர்வரில் பாதிப் பேர் பச்சையாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பயனருக்கு 'பிஜி_மானிட்டர்' என்ற பொறுப்பைக் கொடுத்தால் போதும், எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசர் தேவையில்லை. கூடவே வெறுமையான வரிகளையும் தனியாக எண்ணி, அது சுழியமாக இல்லாவிட்டால் அதற்கும் மணி அடிக்க வையுங்கள்.

இரண்டு, உள்ளூர்ச் சாக்கெட். அதே பெட்டியில் ஓடும் பேக்கப் வேலை யூனிக்ஸ் சாக்கெட் வழியாக வரும். அதற்கு மறையாக்கமும் கிடையாது, முகவரியும் கிடையாது. இதையும் சேர்த்து எண்ணினால் ராத்திரி ராத்திரி வீண் எச்சரிக்கை வரும். ஒரு வாரத்தில் யாரும் அதைப் பார்க்கமாட்டார்கள். முகவரி வெறுமையாக இருக்கும் வரிகளை விலக்குங்கள். விபிஎன் வழியாக வருகிறவர்களையும் இங்கே யோசிக்கவேண்டும். விபிஎன் குழாய் சர்வரிலேயே முடிந்தால் கம்பியில் தரவு மூடித்தான் போகிறது, ஆனாலும் இந்தப் பார்வை 'இல்லை' என்றுதான் சொல்லும். அந்த முகவரி வரிசையைத் தனிக் கணக்கில் வையுங்கள், அடியோடு மறைத்துவிடாதீர்கள்.

மூன்றாவது குழிதான் ஆழமானது. நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால், இரண்டு விநாடி வந்துபோகிற இணைப்பு கண்ணில் படாது. தராசு நிரல் இப்படித்தான் வேலை செய்யும்: லாரி ஏறும், எடை நிற்கும், இணைப்பு திறக்கும், ஒரு வரி எழுதும், மூடும். ஒரு நாள் முழுக்கப் பச்சையாகப் பேசிவிட்டு ஒரு தடவைகூடப் பட்டியலில் மாட்டாமல் போக முடியும். இதற்கு லாக், அதாவது சர்வர் எழுதும் நடப்புக் குறிப்பேடுதான் மருந்து. 'லாக்_கனெக்‌ஷன்ஸ்' அமைப்பை ஆன் செய்தால், ஒவ்வோர் இணைப்பும் அனுமதி பெற்றதும் 'கனெக்‌ஷன் ஆத்தரைஸ்டு' என்று ஒரு வரி விழும். மறையாக்கம் இருந்தால் அதே வரியின் கடைசியில் 'எஸ்எஸ்எல் எனேபிள்டு' என்றும், அடைப்புக்குள் டிஎல்எஸ் பதிப்பும் சைஃபரும் இருக்கும். முன்னது இருந்து பின்னது இல்லாத வரிகளைத் தேடி எடுங்கள், அவைதான் பெரட்டுக்கு வராதவை. அந்த வரியில் முகவரி தானாக வராது. 'லாக்_லைன்_பிரிஃபிக்ஸ்' அமைப்பில் சதவீதக் குறியோடு 'ஹெச்' எழுத்தைச் சேர்த்தால்தான் வரும். இதை மறந்துவிட்டு இரண்டு வாரம் லாக் சேர்த்தால், பச்சை இணைப்பு உண்டு என்று தெரியும், எங்கிருந்து என்று அந்த வரி சொல்லாது.

நகல் சர்வரை மறக்கிறவர்கள் ஏராளம். பயனர்களுக்கான எல்லா வரியையும் மறையாக்கக் கட்டாயத்துக்கு மாற்றியிருப்பார்கள். ஆனால் யாரை உள்ளே விடலாம் என்று சொல்லும் 'பிஜி_ஹெச்பிஏ' கோப்பில் டேட்டாபேஸ் கட்டத்தில் 'ஆல்' என்று எழுதினால் அது நகலெடுப்பு இணைப்பைச் சேர்க்காது; அதற்கு 'ரெப்ளிகேஷன்' என்று தனி வரி வேண்டும். அந்தத் தனி வரி பழையபடியே கிடக்கும். டவுனிலிருந்து ஈப்போவுக்கு முழு டேட்டாபேஸின் ஒவ்வொரு மாற்றமும் அந்த ஒரே இணைப்பில் நாள் முழுக்க ஓடுகிறது. ஒருவன் கேட்க நினைத்தால் வேறெங்கும் போகவேண்டாம், அங்கே நின்றாலே போதும். மறையாக்கக் கட்டாயத்தை முதலில் கொண்டுவரவேண்டிய வரி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஈப்போ பக்கம், டவுன் சர்வரோடு இணையும் விவரம் இருக்கும் 'பிரைமரி_கான்இன்ஃபோ'வில் எஸ்எஸ்எல்மோடையும் ஏற்றிவிடுங்கள்.

நடுவில் பிஜிபௌன்சர் போன்ற இணைப்புத் தேக்கம் (திறந்த இணைப்புகளை வைத்திருந்து பலருக்கும் பகிரும் நிரல்) இருந்தால் கணக்கு மாறும். சர்வருக்குத் தெரிவது பௌன்சரிலிருந்து தனக்கு வரும் இணைப்பு மட்டும். கிளையன்டிலிருந்து பௌன்சருக்கு வரும் இணைப்பு தனி. அதற்கான மறையாக்க அமைப்பு தொடக்கத்தில் 'டிசேபிள்' என்றுதான் இருக்கும். சர்வரில் நூற்றுக்கு நூறு மறையாக்கம் என்று காட்டும்போது, டிவிஷனிலிருந்து பௌன்சர் வரை எல்லாம் பச்சையாக வந்திருக்கலாம். பௌன்சரின் நிர்வாகத் திரையில் 'ஷோ கிளையன்ட்ஸ்' என்று கேட்டால் டிஎல்எஸ் என்ற கட்டம் இருக்கும். அது காலியாக இருந்தால் அந்தக் கிளையன்ட் பச்சை.

மைஎஸ்கியூஎல் என்ற வேறு டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: 'பெர்ஃபார்மன்ஸ்_ஸ்கீமா'வில் 'த்ரெட்ஸ்' அட்டவணையின் 'கனெக்‌ஷன்_டைப்' கட்டத்தைப் பாருங்கள். 'எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்' என்றால் மூடியது, 'டிசிபி/ஐபி' என்றால் பச்சை, 'சாக்கெட்' என்றால் உள்ளூர். கட்டாயமாக்க 'ரிக்கொயர்_செக்யூர்_டிரான்ஸ்போர்ட்' என்ற ஒரே அமைப்பு போதும். பச்சையாக வருகிறவனுக்கு 3159 என்ற பிழை எண் போகும். புதுச் சான்றிதழை 8.0.16 முதல் 'ஆல்டர் இன்ஸ்டன்ஸ் ரீலோடு டிஎல்எஸ்' என்று சொல்லி, சர்வரை நிறுத்தாமலே ஏற்றலாம்.

இனி சான்றிதழ், அதாவது சர்வர் தான் யார் என்று காட்டும் மின்னணு அடையாளம். தோட்டப்புறத்தில் அதிகமாக மணி அடிக்கவேண்டிய இடம் இதுதான், மணி இல்லாமல் இருப்பதும் இங்கேதான்.

சான்றிதழைச் சோதிப்பது இணைப்பு தொடங்கும் கைகுலுக்கலில் மட்டும். திறந்த இணைப்பு காலாவதிக்குப் பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் சான்றிதழ் முடிந்த நாளில் ஒன்றும் நடக்காது. இணைப்புத் தேக்கம் பத்து நாள் பழைய இணைப்புகளை வைத்தே தள்ளிவிடும். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் பேராக்கின் இடிமழை வரும், கரண்ட் போகும், எல்லா இணைப்பும் அறும். கரண்ட் திரும்பி வந்ததும், சான்றிதழைச் சரிபார்க்கும் கிளையன்ட் ஒன்றும் உள்ளே வரமுடியாது. எல்லாரும் மின்னலில் நெட்வொர்க் போய்விட்டது என்று ரௌட்டரை மாற்றப் போவார்கள்.

இதைவிட மோசமானது சாவிக் கோப்பின் அனுமதி. சான்றிதழோடு சேர்ந்த ரகசியக் கோப்பான சர்வரின் தனிச் சாவி, டேட்டாபேஸ் பயனருக்குச் சொந்தமாக இருந்தால் 0600 (சொந்தக்காரர் மட்டும் படிக்கலாம்), ரூட் என்ற தலைமைப் பயனருக்குச் சொந்தமாக இருந்தால் 0640 (குழுவும் படிக்கலாம்); அதற்கு மேல் திறந்திருந்தால் போஸ்ட்கிரெஸ் ஏற்காது. புதுப்பிக்கும் நிரல் புதுச் சாவியை ரூட்டின் பெயரில் 0600 என்று வைத்துவிட்டுப் போனால், போஸ்ட்கிரெஸால் அதைப் படிக்கவே முடியாது. பதிப்பு 10 முதல் சர்வரை நிறுத்தாமலே சான்றிதழை ரீலோடு செய்யலாம். ரீலோடில் பிழை வந்தால் 'எஸ்எஸ்எல் கான்ஃபிகரேஷன் வாஸ் நாட் ரீலோடட்' என்று லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் பழைய சான்றிதழோடே ஓடும். யாருக்கும் தெரியாது. ஆனால் முழுதாக நின்று மறுபடி எழும்போது, அதே பிழைக்காக சர்வர் எழவே எழாது. மறுபடியும் அதே இடிமழைச் சாயங்காலம்தான். லாக்கில் இந்த ஒரு வரிக்கு உடனடி எச்சரிக்கை வைப்பது ஐந்து நிமிட வேலை. அனுமதி சரியாகிவிட்டதா என்று பார்க்க, டேட்டாபேஸ் பயனராக மாறி அந்தச் சாவிக் கோப்பைத் திறந்து பாருங்கள்.

காலாவதியைப் பார்க்கும்போது வட்டில் இருக்கும் கோப்பைப் பார்க்காதீர்கள், போர்ட்டைப் பாருங்கள். கோப்பு புதுசாக இருக்கும், சர்வர் கையில் பழையது இருக்கும். 'ஓபன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட்' கட்டளையில் 'ஸ்டார்ட்டிஎல்எஸ் போஸ்ட்கிரெஸ்' என்று சேர்க்கவேண்டும். போஸ்ட்கிரெஸ் போர்ட்டில் வழக்கமாக டிஎல்எஸ் நேரடியாகத் தொடங்காது: கிளையன்ட் முதலில் 8 பைட் கோரிக்கை அனுப்பும், சர்வர் 'எஸ்' என்றோ 'என்' என்றோ ஓர் எழுத்தில் பதில் சொன்ன பிறகுதான் கைகுலுக்கல். இணையதளங்களுக்கென்று எழுதிய சோதனைக் கருவிகள் இங்கே தோற்பது இதனால்தான். கிடைத்த சான்றிதழை 'எக்ஸ்509' கட்டளைக்குக் கொடுத்து 'செக்எண்ட் 2592000' என்றால், 30 நாளுக்குள் முடியுமா என்று சொல்லிவிடும். எச்சரிக்கை 30 நாள், 14 நாள், 7 நாள் என்று மூன்று படியில் இருக்கட்டும். சான்றிதழில் இருக்கும் நேரம் ஜிஎம்டி. 23:59:59 என்று போட்டிருந்தால் நம் ஊர்க் கணக்கில் அடுத்த நாள் காலை 7:59, அதாவது பெரட்டு முடிந்து எல்லாரும் வேலையில் இறங்கிய பிறகு.

பொதுச் சான்றிதழ் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வைக்கவேண்டும். அவற்றின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று குறைகிறது. கையால் புதுப்பிக்கும் பழக்கம் இதற்குத் தாங்காது. ஆப்பீஸுக்குள்ளேயே இருக்கும் டேட்டாபேஸுக்குச் சொந்த மூலச் சான்றிதழ் உருவாக்கி, அதிலிருந்து ஓராண்டுச் சான்றிதழ் தருவது எளிது. இந்த வரம்பு அதற்குக் கிடையாது.

'ரிக்கொயர்' நிலையில் இருக்கும் கிளையன்ட், மூலச் சான்றிதழ் கோப்பு தன் கையில் இல்லாவிட்டால், எதையும் சரிபார்க்காது. காலாவதியான சான்றிதழையும், வேறு எவனோ நடுவில் நின்று நீட்டும் சான்றிதழையும் ஒன்றுபோல வாங்கிக்கொள்ளும். மறையாக்கம் உண்டு, யாரோடு பேசுகிறோம் என்ற உறுதி இல்லை. போகவேண்டிய இடம் 'வெரிஃபை-ஃபுல்'. அங்கே போகும்போது முதலில் இடிப்பது பெயர். டிவிஷன் கணினிகள் எல்லாம் சர்வரை 192.168 என்று தொடங்கும் எண்ணில்தான் கூப்பிடும். சான்றிதழிலோ பெயர் மட்டும் இருக்கும். சான்றிதழின் மாற்றுப் பெயர் பகுதியில் அந்த ஐபி எண்ணையும் போடவேண்டும், கிளையன்ட் நூலகமும் 15ஆம் பதிப்பு அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும். முடியாத இடத்தில் கணினியின் 'ஹோஸ்ட்ஸ்' கோப்பில் ஒரு பெயர் எழுதி, அந்தப் பெயரால் கூப்பிடலாம். அடுத்தது கடிகாரம். பழைய கணினியில் சிஆர்2032 பேட்டரி செத்திருந்தால், கரண்ட் போய்வந்ததும் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். சான்றிதழ் 'இன்னும் தொடங்கவில்லை' என்று கிளையன்ட் மறுக்கும். சில ரிங்கிட் பேட்டரிக்காக ஒரு நாள் செக்ரோல் நிற்கும்.

தராசுக் கணினி தனிப் பிரச்சினை. அதில் இருக்கும் பழைய இணைப்பு நிரலுக்கு (டிரைவருக்கு) டிஎல்எஸ் 1.2 தெரியாமல் இருக்கலாம். போஸ்ட்கிரெஸ் 13 முதல், அமைப்பை மாற்றாவிட்டால், 1.2க்குக் கீழே ஏற்பதில்லை, 1.0, 1.1 இரண்டும் 2021 மார்ச்சிலேயே அதிகாரபூர்வமாக ஓய்வுபெற்றவை. லாக்கில் 'அன்சப்போர்ட்டட் புரோட்டோகால்' என்று விழும். சர்வரின் குறைந்தபட்சப் பதிப்பை எல்லாருக்குமாகக் கீழே இறக்கிவிடுவது தவறான வழி. தராசு அறையில் சின்ன லினக்ஸ் பெட்டி ஒன்றை வைத்து, அதில் இணைப்பை மூடி அனுப்பும் ஸ்டன்னல் என்ற நிரலை ஓட்டுங்கள். 'கிளையன்ட் யெஸ்', 'புரோட்டோகால் பிஜிஎஸ்கியூஎல்' என்ற இரண்டு வரியோடு, மூலச் சான்றிதழைச் சரிபார்க்கும் வரிகளையும் சேர்த்தால், தராசு நிரல் ஒரு மீட்டர் கேபிளில் மட்டும் பச்சையாகப் பேசும், அதற்கு மேல் டவுன் வரை மூடிப் போகும். தராசு நிரலில் எஸ்எஸ்எல்மோட் 'டிசேபிள்' என்று இருக்கட்டும். இல்லாவிட்டால் அது உறைக்குள் இன்னொரு உறை கேட்டு இணைப்பு அறும்.

லாக்கில் வரும் மற்றப் பிழைகளையும் பிரித்துப் படிக்கவேண்டும். 'அன்னோன் சிஏ' என்றால் அந்தக் கிளையன்ட் கையில் நம் மூலச் சான்றிதழ் இல்லை அல்லது பழையது இருக்கிறது. 'ஈஓஎஃப் டிடெக்டட்' என்பது பெரும்பாலும் கைகுலுக்கலைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் ஓடும் கருவி. அந்த முகவரியைத் தெரிந்துகொண்டு ஒதுக்கலாம். தெரியாத முகவரியிலிருந்து வந்தால் ஒதுக்காதீர்கள்.

மறையாக்கம் போட்டால் மெதுவாகிறது என்ற புகார் வரும், அது முழுப் பொய்யல்ல. மூடும் கணக்கு பெரிய செலவில்லை. அதற்கென்று செயலிகளில் தனிக் கட்டளைகள் 2010 முதல் வந்துவிட்டன. செலவு கைகுலுக்கலில். டிஎல்எஸ் 1.3 என்றால் போஸ்ட்கிரெஸுக்கு இரண்டு போய்வரல் கூடும், 1.2 என்றால் மூன்று. ஒரு போய்வரலுக்கு 60 மில்லிவிநாடி எடுக்கும் 4ஜியில் 120 அல்லது 180 மில்லிவிநாடி. 600 மில்லிவிநாடி எடுக்கும் புவிநிலைச் செயற்கைக்கோள் வழியில் 1.2 அல்லது 1.8 விநாடி. ஒரு நாளைக்கு ஒருமுறை என்றால் யாருக்கும் தெரியாது. நிரல் ஒவ்வொரு பொத்தானுக்கும் புது இணைப்பு திறந்தால் கிராணிக்கு வேலையே ஓடாது. அப்போது மறையாக்கத்தை எடுத்துவிடச் சொல்வார்கள். எடுக்கவேண்டாம், டிவிஷன் பக்கம் இணைப்புத் தேக்கம் வையுங்கள். நிமிடத்துக்கு எத்தனை புது இணைப்பு என்ற எண்ணும் பலகையில் இருந்தால் இந்தப் புகார் வருவதற்கு முன்பே தெரியும். 4ஜி பக்கம் ரௌட்டர் சும்மா இருக்கும் இணைப்பை ஓசையில்லாமல் வெட்டிவிடும். லினக்ஸ் அதைக் கண்டுபிடிக்கத் தொடங்குவதே 7200 விநாடிக்குப் பிறகு. அதுவரை செத்த இணைப்புகளும் பட்டியலில் உயிரோடு நிற்கும். 'டிசிபி_கீப்அலைவ்ஸ்_ஐடில்' அமைப்பை 60 விநாடிக்கு இறக்கினால் எண்ணிக்கை உண்மையைச் சொல்லும்.

கட்டாயமாக்குவதற்கு முன்னால் எவ்வளவு நாள் எண்ணவேண்டும்? இரண்டு வாரம் என்று பொதுவாகச் சொல்வார்கள். தோட்டத்துக்கு அது போதாது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளம் மாதம் முடிந்து 7ஆம் நாளுக்குள் கொடுக்கவேண்டும். வங்கிக் கோப்பு உருவாக்கும் நிரல், இபிஎஃப் பட்டியல் எடுக்கும் நிரல் எல்லாம் அந்த வாரத்தில்தான் வெளியே வரும். 1ஆம் தேதி முதல் 7ஆம் தேதி வரை ஒரு முழுச் சுற்று எண்ணாமல் கதவை மூடினால், சம்பள நாளில்தான் விட்டுப்போன நிரல் எது என்று தெரியும்.

பிறகு 'பிஜி_ஹெச்பிஏ' கோப்பில் 'ஹோஸ்ட்' என்ற வரிகளை 'ஹோஸ்ட்எஸ்எஸ்எல்' என்று முகவரி முகவரியாக மாற்றுங்கள். ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். வெறும் 'ஹோஸ்ட்' இரண்டு வகையையும் உள்ளே விடும். பொருந்தும் முதல் வரியே தீர்ப்பு, அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் பயனில்லை. எல்லா முகவரியும் மாறிய பிறகு, உச்சியில் 'ஹோஸ்ட்நோஎஸ்எஸ்எல்' வரி ஒன்றை 'ரிஜெக்ட்' என்று முடித்து வைப்பது நல்லது. ரீலோடு செய்யுமுன் 'பிஜி_ஹெச்பிஏ_ஃபைல்_ரூல்ஸ்' பார்வையில் பிழைக் கட்டம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ரீலோடு பழைய இணைப்புகளை அறுக்காது. திறந்திருக்கும் பச்சை இணைப்புகளைச் செயல் எண் பார்த்து நீங்களே முடித்துவைக்கவேண்டும்.

சேர்த்த லாக்கை ஓராண்டாவது வைத்திருங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2024 திருத்தப்படி, 2025 ஜூன் 1 முதல் தரவு மீறல் நடந்தால் ஆணையரிடம் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். அந்த மூன்று நாளில் கேட்கப்படும் கேள்வி, எந்தத் தேதியிலிருந்து எந்த முகவரியின் தரவு திறந்து போனது என்பது. அதற்குப் பதில் அந்த லாக் வரிகளில் மட்டுமே இருக்கும்.

கதவை மூடிய பிறகும் எண்ணுவதை நிறுத்தவேண்டாம். ஒரு ராத்திரி தராசு நிற்கும், பழக்குலை ஏற்றிய லாரிகள் ஆலை வாசலில் வரிசை கட்டும். யாராவது ஒருவர் நல்ல எண்ணத்தோடு கோப்பின் உச்சியில் ஒரு 'ஹோஸ்ட்' வரியைச் செருகி லாரிகளை விடுவிப்பார். அந்த வரி மறுநாள் எடுக்கப்படாது. அப்படிச் செருகவேண்டி வந்தால் தராசின் ஒரு முகவரிக்கு மட்டும் செருகி, மேலே கருத்து வரியாகத் தேதி, காரணம், எடுக்கவேண்டிய நாள் மூன்றையும் எழுதுங்கள். எழுதாவிட்டாலும், அடுத்த லாரி ஏறியதும் லாக்கில் 'எஸ்எஸ்எல் எனேபிள்டு' இல்லாத ஒரு வரி அந்த முகவரியோடு வந்து நிற்கும்.